எலுமிச்சம்பழம் காய்த்த கார்

ஞானசெல்வம் டீச்சர் அந்த சர்வீஸ் சென்டருக்கு வருவது அது ஆறாவது தடவை. கார் வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. கேட்டில் நிற்கிற வாட்ச்மேன், "வாங்க டீச்சர், மக எப்படி இருக்கா?" என்று குடும்ப நலம் விசாரிக்கிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. நாலு இடத்துக்குப் போகலாம் என்றுதான் டீச்சர் கார் வாங்கினார். அதிகமாகப் போன இடம் என்னவோ இது ஒன்றுதான்.

காரின் பெயர் ஸென்டோரா. விளம்பரத்தில் அது மலை ஏறும், ஆறு தாண்டும், பாலைவனத்தில் பொழுது சாய்கிற நேரத்தில் தனியாக நின்று யோசிக்கும். டீச்சரின் ஸென்டோரா யோசிப்பதை மட்டும் செய்தது, அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போதே. சத்தம் வராது, புகை வராது. நாலுவழிச் சாலையில் எழுபதில் போகும்போது பட்டென்று இன்ஜின் நின்றுவிடும். ஸ்டியரிங் அம்மிக்கல்லாகிவிடும். பிரேக்கை மிதித்தால் செங்கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும். ஓரம் கட்டி, வேர்வையைத் துடைத்து, கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கணக்கு டீச்சர் இல்லையா, தேதி, நேரம், கிலோமீட்டர் என்று ஒவ்வொன்றையும் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தார். மொத்தம் ஒன்பது தடவை. கம்பெனிக்காரர்களும் டீச்சர் வந்த ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஃபால்ட் எதுவும் காட்டல மேடம்" என்று துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்தத் தடவை டீச்சருக்கு அவசரம். மகள் பியூலாவுக்கு நிறைமாதம். மருமகன் மஸ்கட்டில். வீடு இருப்பது முனைஞ்சிப்பட்டியில், பிரசவம் பார்க்கிற டாக்டர் இருப்பது பாளையங்கோட்டையில். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினாறு நாள். வலி எடுத்த பிள்ளையைப் பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு போகும்போது பத்தாவது தடவை நின்றால்? அதை நினைத்தால் டீச்சருக்குத் தூக்கம் வரவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. சென்னையிலிருந்து பெரிய ஆபீசர் வருகிறார், குறைகளை நேரில் கேட்பார், பத்து மணிக்கு வந்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் போன் போயிருந்தது. ஹாலில் 'ஸென்டோரா குடும்பச் சந்திப்பு' என்று பேனர் கட்டி, பலூன் ஊதி, முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்திருந்தது மூன்று பேர். மற்றவர்களுடைய கார் கிளம்பவில்லை போலிருக்கிறது.

டீச்சரைத் தவிர்த்து மற்ற இருவரில் ஒருவர் மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சை பாய். மெலிந்த தேகம். பேச்சும் அதே மாதிரி, சதை போடாத பேச்சு. இன்னொருவர் திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கொம்பையா அண்ணாச்சி. பாத்திரக் கடைக்காரர்களுக்குச் சத்தம் போட்டுப் பேசித்தான் பழக்கம். அண்ணாச்சிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஆழாக்கு விஷயம் அவர் வாய்க்குள் போனால் அண்டாவாகத்தான் வெளியே வரும். டவுனில் இதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள். "அண்ணாச்சி சொன்னதை நாலால வகுத்துக்கோ" என்பதோடு சரி.

பேச்சைத் தொடங்கிவைத்தது பாய்தான். "என் வண்டியில இன்ஜின் ஆயில் ஏறுது டீச்சர். ஓட ஓடக் குறையணும். இது ஏறுது. டீசல் போயி ஆயில்ல கலக்குதாம்."

"எவ்வளவு ஏறுது?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ரெண்டு மாசத்துல ஒரு விரக்கடை."

"பூ! விரக்கடைக்கா வேலையை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கீரு?" அண்ணாச்சி நாற்காலியைச் சத்தமாக முன்னே இழுத்துப் போட்டார். "நம்ம வண்டியில காலையில அந்த அளவுக்கம்பியை உருவினா ஆயில் பொங்கிட்டு வருது வே. மொத நாளு போட்டிருந்த சட்டை போச்சு. ரெண்டாம் நாளு கடையிலேர்ந்து பித்தளைக் குடம் கொண்டாந்து வச்சேன், ததும்ப நிறைஞ்சிட்டு. இப்பம் பழகிப்போச்சு. காலையில மூணு லிட்டரு, சாயந்திரம் ரெண்டரை. நேரம் தப்பிச்சுன்னா வண்டி பொறுக்காது. தன்னால ஹாரன் அடிக்கும், மடி கட்டின எருமை கத்துமே அது மாதிரி."

"கறக்கீரோ?" என்றார் பாய்.

"கறக்காம? வீட்ல ஒரு ஆளு கைக்குத்தான் விடும். நான் ஊர்ல இல்லாத அன்னைக்கு எம் மவன் போயிருக்கான், எத்திட்டு. ஆனா ஒண்ணு, நான் ஒட்டக் கறக்க மாட்டேன் பாத்துக்கிடும். பக்கத்துல பைக்கு ஒண்ணு நிக்கும்லா, அதுக்கு ரெண்டு வாய் விட்டுட்டுத்தான் கறப்பேன். பாவம், வாயில்லா சீவன்."

அப்போது சர்வீஸ் மேனேஜர் கையில் டேப்லெட்டோடு அந்தப் பக்கம் வந்தார். சட்டையில் 'ஐ. ராஜா' என்று பட்டை குத்தியிருந்தது. முப்பது வயசு. யாரிடம் பேசினாலும் கண் டேப்லெட்டில்தான் இருக்கும்.

"ஆயில் லெவல் கொஞ்சம் ஏறுறது இந்த மாடல்ல நார்மல் சார்," என்றார் போகிற போக்கில்.

"ஒரு நாளைக்கு அஞ்சரை லிட்டரு தம்பி," என்றார் அண்ணாச்சி.

"நார்மல் சார்." விரலால் தட்டி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சி தொடையில் தட்டினார். "கேட்டீரா? கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான்!"

டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. நாம் உயிர் போகிற கவலையில் உட்கார்ந்திருக்கிறோம், இவருக்கு எருமை மாடு கேட்கிறதா என்று தோன்றியது. டைரியை எடுத்துப் பிரித்து, "அண்ணாச்சி, நான் வெளையாட்டுக்கு வரல. எனக்கு ஓடுற வண்டியில இன்ஜின் நின்னு போகுது. ஒன்பது தடவை நின்னிருக்கு," என்றார்.

"நிக்கும் டீச்சர், நிக்கும். உங்களுக்கு நின்னதோட போச்சு. எனக்கு நடந்ததைக் கேளுங்க." அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தின குரலே வாசல் வரை கேட்டது. "கயத்தாறு தாண்டி வாரேன். இன்ஜின் சத்தம் நின்னு போச்சு. ஆனா வண்டி நிக்கல. அது பாட்டுக்குப் போகுது. சரி, வந்த வேகத்துல போகுது, கொஞ்சத்துல நின்னுரும்னு பாத்தா, திருநெல்வேலி வந்துட்டு, தாண்டிட்டு. நாங்குநேரி வந்துட்டு. நாங்குநேரியில ஒருத்தன் டீக்கடை வாசல்ல நின்னு, 'அண்ணாச்சி, வண்டிக்கு அடியில ஆகாசம் தெரியுது'ங்கான்."

"வண்டிக்கு அடியில எப்படி ஆகாசம் தெரியும்?" என்றார் பாய்.

"மழைத் தண்ணி கெட்டிக் கெடந்துச்சு வே, அதுல தெரிஞ்சுது! குறுக்க பேசாதீரும். நான் எறங்கி பானெட்டைத் தூக்கிப் பாத்தா, உள்ள இன்ஜினே இல்ல. சுத்தமா வழிச்சு எடுத்த கொப்பரை மாதிரி இருக்கு. எங்கயோ கழண்டு விழுந்துட்டு. ஒரு ஆட்டோவைப் புடிச்சு, தேடிக்கிட்டே திரும்பி வாரேன். கங்கைகொண்டான்கிட்ட ரோட்டோரமா உக்காந்திருக்கு."

"யாரு?"

"இன்ஜின்தான்! எப்படி உக்காந்திருக்கு? ஓடிக்கிட்டு இருக்கு வே! டுகு டுகு டுகுன்னு, அன்னைக்கு ஷோரூம்ல கேட்ட அதே சத்தம். வண்டியில இருந்தா நிக்கிது, வண்டியை விட்டு எறங்கினா ஓடுது. அப்பம் கோளாறு இன்ஜின்லயா, வண்டியிலயா? நீங்க கணக்கு டீச்சர்தானே, சொல்லுங்க."

டீச்சருக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு மாதமாக அவர் சிரித்ததில்லை. "இன்ஜின் கீழ விழுந்த சத்தம்கூடவா உங்களுக்குக் கேக்கல?" என்று கேட்டார்.

"கதவெல்லாம் அடைச்சு ஏசி போட்டிருந்தேன். வெளிச் சத்தம் உள்ள வராதுன்னு விளம்பரத்துல போட்டிருக்கான்லா? அது ஒண்ணுதான் அவன் சொன்னதுல உண்மை."

மேனேஜர் ராஜா திரும்பி வந்தார். "மேடம், உங்க வண்டி பார்த்தாச்சு. ஃபால்ட் கோடு எதுவும் இல்லை. ஓடும்போது இன்ஜின் லேசா கட் ஆகுற ஃபீல் வரும். அது நார்மல்."

"ஃபீல் இல்ல தம்பி, கட்டே ஆகுது," என்றார் டீச்சர்.

"எனக்குக் கழண்டே விழுந்துட்டு தம்பி. நாங்குநேரி போயிப் பாக்கேன், இன்ஜின் இல்ல," என்றார் அண்ணாச்சி.

"எல்லா வண்டியிலயும் இருக்குறதுதான் சார். நார்மல்." தட்டி எழுதினார், போனார்.

மணி பதினொன்றரை ஆயிற்று. ஆபீசர் வரவில்லை. டீ வந்தது. டீ குடித்த தெம்பில் அண்ணாச்சி தன் காரின் பிரேக்கைப் பற்றி ஆரம்பித்தார். ஸென்டோராவில் தானாகப் பிரேக் போடுகிற வசதி உண்டு. முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் சென்சார் பார்த்து வண்டியை நிறுத்திவிடும்.

"எனக்கு ஒண்ணுமில்லாத ரோட்டுல சடக்குன்னு புடிச்சிருது அண்ணாச்சி," என்றார் பாய். "நேத்து ஒரு பிளாஸ்டிக் பையைப் பாத்துப் புடிச்சிட்டு. பின்னால வந்தவன் வாயில வந்ததெல்லாம் சொல்லிட்டுப் போறான்."

"பையாவது கண்ணுக்குத் தெரிஞ்சுதே! நம்ம வண்டி சென்சாரு கொஞ்சம் கூர்மையான சென்சாரு. சேரன்மகாதேவி ரோட்டுல போறேன், நின்னுட்டு. முன்னால ஈ காக்கா இல்ல. நானும் அஞ்சு நிமிஷம் உக்காந்திருக்கேன். அப்பம் வருது பாரும் ஒரு ஆடு, வயலுக்குள்ளேர்ந்து ஏறி, ரோட்டைக் கடந்து போகுது. அது போன பெறவு வண்டி தானா நகருது. அட, வரப்போறது இதுக்கு முன்னாலயே தெரியுதேன்னு நெனச்சேன். மறுநா அதே ரோடு. நின்னுட்டு. நானும் உக்காந்திருக்கேன், உக்காந்திருக்கேன், ஒண்ணும் வரல. சாப்பாட்டு நேரம் ஆயிட்டு. எறங்கிப் பக்கத்துல கேட்டா, 'போன வருஷம் இந்த எடத்துல ஒரு காளை மாடு நிக்கும் அண்ணாச்சி, செத்துப் போச்சு'ங்கான்."

"செத்த மாட்டுக்கா பிரேக் போட்டுது?"

"மரியாதை தெரிஞ்ச வண்டி வே. அது போனதுக்குப் போட்டது. இப்பம் ஒரு மாசமா வரப்போறதுக்குப் போட ஆரம்பிச்சிட்டு. நாளைக்கு வரப்போற லாரிக்கு இன்னைக்கே நிக்கிது. போன வாரம் சந்திப்பிள்ளையார் முக்குல நின்னுது, அரை நாளு அசைய மாட்டேங்குது. மூணாம் நாளு பேப்பரைப் பாத்தா, அங்க அடுத்த மாசம் பாலம் கட்டத் தோண்டப் போறாங்களாம்! கலெக்டருக்கே ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்."

"அப்பம் இங்க எப்படி வந்து சேந்தீரு?"

"ரிவர்ஸ்ல. பின்னால சென்சாரு கெடையாது."

 பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "டவுன்லேர்ந்து எட்டு மைலு," என்றார்.

"கழுத்தைப் பாரும், எப்படிப் புடிச்சிருக்குன்னு!" அண்ணாச்சி நிஜமாகவே கழுத்தைத் தடவிக்கொண்டார்.

கேட்கிறவர்கள் சிரிக்கச் சிரிக்க அண்ணாச்சிக்கு ஊற்று பெருகும். அடுத்தது காற்றுப்பை. மோதினால் விரிந்து காப்பாற்றவேண்டிய பை அது. அண்ணாச்சிக்குத் தும்மலுக்கே விரிந்துவிட்டதாம்.

"நான் போட்ட தும்மல் அப்படி. மொளகாய் வத்தல் மண்டி வழியா வாரேன், போட்டேன் ஒண்ணு. ஆறு பையும் ஒண்ணா விரிஞ்சிட்டு. விரிஞ்சா நிக்கணும்லா? நிக்கல. ஊதிக்கிட்டே போகுது. கண்ணாடி வழியா வெளிய வருது. வண்டி தரையை விட்டு எழும்பிட்டு வே! நெல்லையப்பர் கோவில் கோபுரத்துக்குச் சரியா வந்தேன், அங்க உள்ள புறாவெல்லாம் வண்டி மேல உக்காருது. காத்து மேக்காம அடிக்குது, வண்டி மேக்காம போகுது. அம்பாசமுத்திரம் தாண்டி மணிமுத்தாறு அணைக்கு மேல போயி நின்னுட்டேன். கீழ ஒருத்தன், 'சார், தண்ணி எத்தனை அடி இருக்கு, மேல இருந்து பாத்துச் சொல்லுங்க'ன்னு கத்துதான். எழுபத்தெட்டுன்னேன். எழுதிக்கிட்டான்."

"எறங்கினது எப்படி?" என்று டீச்சரே கேட்டுவிட்டார்.

"சீட் பெல்ட்டுப் போடலைன்னு வண்டி கீ கீன்னு கத்த ஆரம்பிச்சிட்டு. அந்தச் சத்தம் தாங்காம எறங்கிட்டேன்."

அந்த நேரம் ராஜா மூன்றாவது தடவையாக வந்தார். "சார், உங்க கம்ப்ளைண்ட் என்ன சொன்னீங்க? ஏர்பேக்கா?"

"ஆமா தம்பி. பறந்து போயிட்டேன். மணிமுத்தாறு வரைக்கும்."

"ஏர்பேக் ஓபன் ஆச்சுல்ல? அப்ப வேலை செய்யுது சார். நார்மல்."

டீச்சர் எழுந்து எட்டி அந்த டேப்லெட்டைப் பார்த்தார். அவருடைய பெயருக்கு நேரே 'நார்மல்' என்று இருந்தது. கீழே கொம்பையா பெயருக்கு நேரே, ஆயிலுக்கு நார்மல், இன்ஜின் காணாமல் போனதற்கு நார்மல், மணிமுத்தாறுக்கும் நார்மல். இதுவரை சிரித்த சிரிப்பெல்லாம் டீச்சருக்கு அப்படியே நெஞ்சில் உறைந்துவிட்டது. ஏழு மாதமாகத் தான் அழுதது, அலைந்தது, ஒன்பது தடவை உயிரைக் கையில் பிடித்தது எல்லாம் இந்தப் பிள்ளையின் காதில் எருமை மாட்டுக் கதை மாதிரித்தான் விழுந்திருக்கிறது.

"தம்பி, சாவியைக் குடு," என்றார் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு வரை போகிற குரல் அது. "நீயும் வா. என் பக்கத்துல உக்காரு. உன் நார்மலை நீயே பாரு."

ராஜா மறுக்கப் பார்த்தார். முடியவில்லை. "சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்லா," என்று அண்ணாச்சி கேட்காமலே பின் சீட்டில் ஏறிக்கொண்டார். பாய் தன் வண்டி லிஃப்டில் இருப்பதால் இங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

தாழையூத்துப் பக்கம் வரை வண்டி பூ மாதிரி போயிற்று. "பாருங்க மேடம், எவ்வளவு ஸ்மூத்," என்றார் ராஜா. ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் இருந்தார்கள். பின்னால் ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. அப்போது இன்ஜின் நின்றது.

டீச்சர் ரெண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றார். வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுப் பின்னால் உருள ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு பட்டன் உண்டு. அமுக்கினார். 'இன்ஜினை ஸ்டார்ட் செய்து மீண்டும் முயலவும்' என்று திரையில் எழுத்து வந்தது. கண்ணாடியில் பஸ்ஸின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹாரன் காதைக் கிழித்தது. பக்கத்தில் ராஜா ரெண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, "எசக்கியம்மா, எசக்கியம்மா" என்று கத்தினார். அவர் சட்டையில் இருந்த 'ஐ' என்பது இசக்கி என்று அப்போதுதான் தெரிந்தது.

பின் கதவு திறந்தது. அறுபத்தோரு வயசு, தொந்தி, வேட்டி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு கொம்பையா அண்ணாச்சி உருளுகிற வண்டியிலிருந்து குதித்தார். விழுந்தார், எழுந்தார். எந்தக் காலத்திலோ பழுதாகி நின்ற லாரிக்காரன் போட்டுவிட்டுப் போன கருங்கல் ஒன்று பாலத்தின் ஓரத்தில் கிடந்தது. அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடி, பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவில் குனிந்து, பின் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். வண்டி கல்லில் ஏறப் பார்த்தது. ஏறாமல் நின்றது.

பஸ்காரர் தலையை வெளியே நீட்டித் திட்டித் தீர்த்தார். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகியதும் வண்டி வழக்கம்போல ஸ்டார்ட் ஆயிற்று. டீச்சர் வண்டியைச் சென்டருக்கே திருப்பினார். அண்ணாச்சியின் முழங்கை தேய்ந்து ரத்தம் வந்திருந்தது.  அவர் வாய் மூடியிருந்ததை டீச்சர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

சென்டருக்குள் நுழைந்தால் சென்னை ஆபீசர் வந்து உட்கார்ந்திருந்தார். பத்ரிநாத் என்று பெயர். நல்ல மனிதர்தான், ஆனால் ஃபாரத்துக்கு வெளியே யோசிக்காதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு ஃபாரத்தை எடுத்து வைத்தார்.

"மேடம், இதுல ரெண்டே வகைதான். மற்ற வண்டி ஆறு அடிக்குள்ள வந்திருந்தா அது பாதுகாப்புச் சம்பவம். உங்க வண்டியை நாங்களே வெச்சுக்கிட்டு இன்ஜினை மாத்தித் தருவோம், அதுவரைக்கும் வேற வண்டி குடுப்போம். ஆறு அடிக்கு மேலன்னா, ஓட்டுறவங்க பழக்கம்னு எழுதணும். உரிமையாளர் வாக்குமூலம் செல்லாது. சாட்சி வேணும்."

ராஜாவைக் கேட்டார்கள். "நான் கண்ணை மூடிட்டேன் சார்," என்றார் ராஜா. அன்று அவர் சொன்னதிலேயே நேர்மையான வார்த்தை அது.

மிச்சம் இருந்த ஒரே சாட்சி கொம்பையா அண்ணாச்சி.

டீச்சர் சட்டென்று எழுந்தார். இந்த மனிதர் பஸ்ஸை ரயில் என்பார், ரயிலுக்கு இறக்கை வைப்பார், ஆபீசர் ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அண்ணாச்சியைத் தனியே இழுத்துக் கொண்டுபோய், "கர்த்தர் பேரால கேக்கேன் அண்ணாச்சி. என் மக உசுரு இதுல இருக்கு. நடந்ததுக்கு மேல ஒரு எழுத்து ஏத்திராதீங்க," என்றார்.

"ஏத்த மாட்டேன் டீச்சர்," என்றார் அண்ணாச்சி. கண் கலங்கியிருந்தது. "எங்கம்மை சத்தியமா ஏத்த மாட்டேன்."

ஆபீசர் எதிரில் உட்கார்ந்தார். ஊசி போட வந்த பிள்ளை மாதிரி முகம் இருந்தது.

"பின்னால என்ன வண்டி வந்துச்சு?"

"பஸ்ஸு," என்றார். வாய் மேலும் திறந்தது. மூடிக்கொண்டார். நெற்றி வேர்த்தது. "ஒரே ஒரு பஸ்ஸு. சின்ன பஸ்ஸுதான்."

"டீச்சர் வண்டி எவ்வளவு தூரம் உருண்டுச்சு?"

நாற்பது அடி உருண்டிருந்தது. அண்ணாச்சி கணக்குப் போடுவது டீச்சருக்குத் தெரிந்தது. "நாப்... வேண்டாம். ஒரு அஞ்சு அடி."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வண்டியை நிறுத்தினது யாரு?"

"கல்லு, சார். அங்கன ஒரு கல்லு கெடந்துச்சு, அதுல முட்டி நின்னுட்டு. நான் சும்மா எறங்கி நின்னேன்."

தன் ஆயுளில் செய்த ஒரே வீரச் செயலை அந்த மனிதர் வாய்க்குள்ளேயே போட்டு விழுங்கினார். அது தொண்டையில் இறங்குவது வெளியே தெரிந்தது.

"பஸ் எவ்வளவு தூரத்துல நின்னுச்சு?"

அண்ணாச்சி டீச்சரைப் பார்த்தார். எவ்வளவு நல்ல பிள்ளையாகச் சொல்கிறேன் பாருங்கள் என்கிற பார்வை. "தள்ளித்தான் நின்னுது சார். முப்பது அடி இருக்கும்."

"முப்பது அடி," என்று எழுதினார் ஆபீசர். "அப்ப ஆபத்து ஒண்ணும் இல்லையே. ஓட்டுறவங்க பழக்கம்."

"ஐயோ அண்ணாச்சி!" என்றார் டீச்சர்.

"ஏன் டீச்சர், இன்னும் கொறைக்கணுமா?" என்றார் அண்ணாச்சி பயந்துபோய்.

ஆபீசர் பேனாவைக் கொண்டுபோய்க் கட்டத்தில் வைக்கப் போனார். அப்போது வாசலில் இருந்து பிச்சை பாயின் குரல் கேட்டது.

"டீச்சர், உங்க வண்டியில எலுமிச்சம்பழம் காச்சிருக்கே, அது என்ன ரகம்?"

எல்லோரும் வெளியே போய்ப் பார்த்தார்கள். காரின் பின்பக்கக் கண்ணாடி வைப்பரில் ஒரு கயிறு மாட்டிக்கொண்டு தொங்கியது. கயிற்றில் ஒரு எலுமிச்சம்பழம், ஏழு பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு. கண்ணாடியில் அப்பிய குங்குமம். கண்ணேறு படாமல் இருக்க பஸ்ஸின் முகத்தில் கட்டுகிற கயிறு. கார் கிளம்பின இழுப்பில் பஸ்ஸின் கம்பியில் கட்டிய முடிச்சு அறுந்து, நுனி பிசிராக நின்றது.

ஆபீசர் கயிற்றைப் பார்த்தார், குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தார். "பஸ்ல கட்டியிருந்த கயிறு இதுல எப்படி மாட்டும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். டீச்சர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் கயிற்றின் மேல் வைத்தார். சரியாக ஒரு சாண், முக்கால் அடி, இருந்தது.

"அந்த ஒரு சாணுக்கு நடுவுலதான் சார் இவர் குனிஞ்சு கல்லை வச்சார்," என்றார் டீச்சர். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஆபீசர் அண்ணாச்சியின் முழங்கையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், எழுதியதை அடித்துவிட்டு, மற்றக் கட்டத்தில் டிக் போட்டார்.

மாற்று வண்டி அன்று மாலையே கிடைத்தது. பதிமூன்றாம் நாள் பியூலாவுக்கு வலி எடுத்தது, வழியில் ஒரு இடத்திலும் நிற்காமல் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தார்கள். பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். ஆனால் இதெல்லாம் அப்புறம். அன்றைக்கு டிக் விழுந்த கையோடு, காருக்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டு நின்றுகொண்டிருந்தார் கொம்பையா அண்ணாச்சி. பிச்சை பாய் அவர் பக்கத்தில் போய் நின்று, எலுமிச்சம்பழத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் வே, அறுவது வருஷத்துல ஒரே ஒரு நாளு உண்மை சொல்லுதேன்னு போயி உக்காந்தீரு. அன்னைக்கும் முப்பது அடிப் பொய்யைச் சொல்லிட்டு வந்து நிக்கீரே?"

"முப்பது இல்ல பாய்," என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சாணைக் கழிச்சா இருபத்தொன்பதே கால்."